லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைத் தேடுவது எப்படி?

லண்டனின் புளூம்ஸ்பரி பகுதியில், கிரேட் ஆர்மண்ட் தெருவின் 49ஆம் எண் வீட்டில், 1852 பிப்ரவரி 14 அன்று 10 படுக்கைகளுடன் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. குழந்தைகளைப் படுக்கையில் சேர்த்துச் சிகிச்சையளிப்பதற்கென்றே இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட முதல் மருத்துவமனை அதுவே. 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை நடைமுறைக்கு வரும்வரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம், அது நன்கொடையை நம்பியே இயங்கியது. அங்கே சேர்க்கப்பட்ட ஏழைக் குழந்தைகளில் பெரும்பாலோரைப் பற்றி அவர்கள் பெற்றோர் எதையும் எழுதி வைக்கவில்லை. மருத்துவமனை எழுதி வைத்தது. எழுதியவற்றைப் பாதுகாத்தும் வந்துள்ளது. குடும்ப வரலாறு தேடுவோர், மருத்துவ வரலாறு படிக்கும் மாணவர்கள், லண்டனின் பழைய தெருக்களைப் பற்றி எழுத விரும்புவோர் ஆகியோருள் இத்துறைக்குப் புதியவர்களாக இருப்பவர்களுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்தப் பதிவேடுகள் குழந்தைகளைப் பற்றியவையாக இருந்தாலும் அவர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. மருத்துவரின் நினைவுக்காகவும், நிர்வாகக் குழுவின் கணக்குக்காகவும், பணம் கொடுத்தவர்களுக்குக் காட்டுவதற்காகவும் எழுதப்பட்டவை. ஒவ்வொரு வரியையும் இது யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்டுக்கொண்டு படித்தால்தான் அதில் சொல்லப்பட்டது எது, விடுபட்டது எது என்பது விளங்கும்.

முதலில்: அறக்கொடை மருத்துவமனை எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெயரைத் தேடும் ஆவலில் இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள் பிறகு பதிவேட்டின் பாதிச் செய்தியைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆகவே ஒரு மாலை நேரத்தையாவது இதற்கு ஒதுக்குங்கள்.

மருத்துவமனையைத் தொடங்கியவர் சார்ல்ஸ் வெஸ்ட் என்னும் மருத்துவர். அதற்கு முன்பு வாட்டர்லூ சாலையில் இருந்த குழந்தைகளுக்கான இலவச மருந்தகத்தில் அவர் பணியாற்றினார். அதை உள்நோயாளிகள் தங்கும் மருத்துவமனையாக மாற்ற அவர் செய்த முயற்சி பலிக்கவில்லை. புதிய மருத்துவமனைக்கு ஆதரவு திரட்டியபோது முன்வைக்கப்பட்ட கணக்கு ஒன்று உண்டு: 1843இல் லண்டன் மருத்துவமனைகள் அனைத்திலும் ஒரு சமயத்தில் இருந்த 2,363 நோயாளிகளில் பத்து வயதுக்குட்பட்டவர்கள் 26 பேர் மட்டுமே. அந்நகரில் ஆண்டுதோறும் நிகழ்ந்த சாவுகளில் பெரும்பங்கு குழந்தைகளுடையதாக இருந்த காலம் அது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த 26 என்ற எண்ணின் கொடுமை புரியும். பொது மருத்துவமனைகள் சிறு குழந்தைகளைச் சேர்க்கத் தயங்கின. தொற்று பரவும் என்ற அச்சமும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் இல்லாமையும் அதற்குக் காரணங்கள்.

49ஆம் எண் வீடு அதற்கு முந்தைய நூற்றாண்டில் புகழ்பெற்ற மருத்துவராக விளங்கிய ரிச்சர்ட் மீடின் இல்லமாக இருந்தது. அந்த வீட்டோடு தொடங்கிய மருத்துவமனை சில ஆண்டுகளிலேயே பணமுடையில் சிக்கியது. 1858 பிப்ரவரியில் நடந்த நிதி திரட்டும் விருந்தில் எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் ஆற்றிய உரையும், அதே ஆண்டு அவர் மருத்துவமனைக்காக நடத்திய வாசிப்பு நிகழ்ச்சியும் கொண்டுவந்த பணத்தில் பக்கத்து 48ஆம் எண் வீடு வாங்கப்பட்டது. படுக்கைகள் 75 ஆக உயர்ந்தன. எட்வர்ட் பேரி வடிவமைத்த, மருத்துவமனைக்கென்றே கட்டப்பட்ட புதிய கட்டடம் 1870களில் எழுந்தது. 1869 முதல் ஹைகேட்டில் உள்ள கிராம்வெல் இல்லம் நோயிலிருந்து தேறிவரும் குழந்தைகள் தங்கும் கிளையாகப் பயன்பட்டது. இந்தக் கிளையின் பெயரை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

யார் சேர்க்கப்பட்டார்கள் என்பது இன்னும் முக்கியம். உள்நோயாளிகளாக, பொதுவாக இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளையே எடுத்தார்கள். கைக்குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பது நல்லதன்று என்பது வெஸ்டின் கருத்து. மிகச் சிறிய குழந்தைகளுக்கு வெளிநோயாளிப் பிரிவில் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். பெரியம்மை போன்ற கடும் தொற்று கண்டவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. எனவே நீங்கள் தேடும் குழந்தை ஒரு வயதிலோ பெரியம்மையாலோ இறந்திருந்தால், உள்நோயாளிப் பதிவேட்டில் அதன் பெயர் கிடைக்காததில் வியப்பதற்கு எதுவுமில்லை.

பெயரைத் தேடுதல்

கிங்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தன்னார்வலர்கள் பலரின் உழைப்போடு, இம்மருத்துவமனையில் 1852 முதல் 1914 வரை சேர்க்கப்பட்டவர்களைக் குறித்த அனுமதிப் பதிவேடுகளை எழுத்துப் பெயர்த்து, HHARP (Historic Hospital Admission Records Project) என்ற இணையத் தரவுத்தளமாக்கினார்கள். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அனுமதிகள் அதில் உள்ளன. பின்னர் லண்டனின் வேறு சில குழந்தைகள் மருத்துவமனைகளும், கிளாஸ்கோவின் குழந்தைகள் மருத்துவமனையும் சேர்க்கப்பட்டன. கிராம்வெல் இல்லத்தின் பதிவேடுகளும் இத்தொகுப்பைச் சேர்ந்தவை. கையெழுத்துப் பதிவேடுகளைப் புரட்டும் முன் நீங்கள் செல்ல வேண்டிய இடம் இத்தளமே.

தேடும்போது குடும்பப் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி நிறுத்திவிடாதீர்கள். குழந்தையை அழைத்துவந்த தாய் வாயால் சொன்னதை எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதினார். தாய்க்கே எழுதத் தெரியாதபோது சரிபார்க்க யாரும் இல்லை. ஐரிஷ் குடும்பங்களின் பெயர்களும், கிழக்கு லண்டனில் குடியேறிய யூதக் குடும்பங்களின் பெயர்களும் குறிப்பாக மாறுபட்டு வரும். பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்து, வயதையும் பகுதியையும் கொண்டு சல்லடையிடுவது நல்ல வழி. குழந்தையின் முதற்பெயரும் மாறலாம்: ஞானஸ்நானத்தில் எலிசபெத் ஆனவள் பதிவேட்டில் எலிசாவாகவோ பெஸ்ஸியாகவோ இருக்கக்கூடும்.

ஒரு பதிவு கிடைத்ததும் அதோடு திருப்தி அடையாமல் அதே குழந்தைக்கு வேறு பதிவுகள் உண்டா என்று பாருங்கள். ஒவ்வொரு முறை சேர்க்கப்பட்டபோதும் தனி வரி எழுதப்பட்டது. இடுப்பு மூட்டு நோய் கொண்ட குழந்தைகள் மாதக்கணக்கில் தங்கினார்கள். வீட்டுக்குப் போய்த் திரும்பவும் வந்தார்கள். இடையில் ஹைகேட் கிளைக்கு அனுப்பப்பட்டிருந்தால் அங்கே இன்னொரு பதிவு இருக்கும். இப்படி இணைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு வரியாக இருந்தது ஒரு குழந்தையின் சில ஆண்டுகளாக விரிகிறது.

ஒரு வரியைப் படிக்கும் முறை

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. பொறுமையாகச் செய்ய வேண்டியதும் இதுவே. வழக்கமான ஒரு பதிவில் பெயர், வயது, முகவரி, சேர்ந்த நாள், நோய், கவனித்த மருத்துவர், வெளியேறிய நாள், முடிவு ஆகியவை இருக்கும். தரவுத்தளத்தில் இவற்றோடு, தொகுத்தவர்கள் பின்னர் சேர்த்த சில விவரங்களும் உண்டு: முகவரி எந்தப் பதிவு மாவட்டத்தைச் சேர்ந்தது, நோயின் பெயர் ஒழுங்குபடுத்திய வடிவத்தில் என்ன, எத்தனை நாள் தங்கினார் என்பன. மூலத்தில் உள்ளது எது, பின்னர் சேர்க்கப்பட்டது எது என்று பிரித்து அறிந்து, உங்கள் குறிப்பில் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

வயதை எழுதும் முறை புதியவர்களைக் குழப்பும். 3 என்ற எண்ணுக்கு அருகில் பின்னமாக 6/12 என்று இருந்தால், மூன்று வயது ஆறு மாதம் என்று பொருள். பின்னத்தின் கீழே உள்ள 12 ஆண்டின் மாதங்களைக் குறிக்கிறது. பிறந்த ஆண்டைக் கணக்கிடும்போது இதைக் கவனித்தால் பிறப்புப் பதிவைத் தேடும் எல்லை வெகுவாகச் சுருங்கிவிடும்.

நோய்ப் பெயர்களில் பல இன்று வழக்கில் இல்லை. தைசிஸ் என்றால் நுரையீரல் காசநோய். மார்பஸ் காக்ஸே என்பது இடுப்பு மூட்டு நோய். அது பெரும்பாலும் காசநோய்க் கிருமியால் வந்தது. டேபீஸ் மெசென்டெரிகா வயிற்று நிணநீர்க் கணுக்களைத் தாக்கிய காசநோய். நோயுற்ற மாட்டின் பால் வழியாகவும் அது பரவியது. ஸ்குரோஃபுலா, ஸ்ட்ரூமஸ் என்று வருவனவும் பெரும்பாலும் அதே நோயின் கழுத்துக் கணு வடிவங்களைச் சுட்டுபவை. கொரியா என்பது கைகால்கள் தன்னிச்சையாகத் துடிக்கும் நோய். கீல்வாதக் காய்ச்சலோடு தொடர்புடையது. ரிக்கெட்ஸ் வெயிலும் ஊட்டமும் போதாமல் எலும்பு வளையும் நோய். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் அறிவித்தது 1882இல்தான். அதற்கு முந்தைய பதிவுகளை எழுதிய மருத்துவருக்கு இவை யாவும் வெவ்வேறு நோய்கள். இவற்றை ஒன்றாக எண்ணிக் கூட்டுவது நமது காலத்தின் கணக்கு. அந்தக் கூட்டலைச் செய்வதில் தவறில்லை, ஆனால் செய்ததைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

முடிவைக் குறிக்கும் கட்டத்தில் குணமானார், ஓரளவு தேறினார், தேறவில்லை, இறந்தார் என்ற பொருளில் நான்கு வகைச் சொற்கள் மாறி மாறி வரும். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுவே என்பது என் கருத்து. நன்கொடையால் இயங்கும் மருத்துவமனைக்குக் குணமானவர்களின் எண்ணிக்கை வெறும் மருத்துவச் செய்தியாக மட்டும் இருக்கவில்லை. அது ஆண்டறிக்கையில் அச்சாகி அடுத்த ஆண்டின் நன்கொடையைத் தீர்மானித்தது. ஓரளவு தேறினார் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தை மறுமாதமே இறந்திருக்கலாம். அந்தச் சாவு மருத்துவமனைக் கணக்கில் ஏறாது. இதனால் மருத்துவர்கள் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லாத குழந்தையைத் தாயிடம் அனுப்புவது இரக்கமாகவும் இருந்திருக்கும். ஆனால் ஒரு குழந்தையின் கதையை எழுதுகிறவர், வெளியேறிய நாளுக்குப் பிந்தைய ஓராண்டுக்காவது இறப்புப் பதிவுகளைத் தேடிப் பார்க்காமல், பிழைத்துக்கொண்டது என்று எழுதக்கூடாது.

மருத்துவரின் குறிப்பேடுகள்

அனுமதிப் பதிவேட்டில் ஒரு வரியாக உள்ளது, மருத்துவரின் குறிப்பேட்டில் பல பக்கங்களாக இருக்கலாம். சார்ல்ஸ் வெஸ்டின் கையெழுத்துக் குறிப்பேடுகளின் படங்கள் மேற்சொன்ன தரவுத்தளத்தில் இணைக்கப்பட்டிருக்கின்றன. குழந்தையின் முந்தைய நோய்கள், பெற்றோரின் உடல்நிலை, வீட்டில் எத்தனை குழந்தைகள் பிறந்து எத்தனை இறந்தன என்பவை இத்தகைய குறிப்புகளில் வரும். மருத்துவரின் கேள்விக்குத் தாய் சொன்ன பதிலின் எதிரொலி நமக்குக் கேட்கும் ஒரே இடம் பெரும்பாலும் இதுவே. கையெழுத்து கடினமாக இருந்தால், தெளிவாகத் தெரிந்த சொற்களைக் கொண்டு அவருடைய எழுத்து வடிவங்களை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, அதன் துணையால் தெரியாதவற்றை வாசியுங்கள். வாசிக்க முடியாத சொல்லை ஊகித்து நிரப்பாமல் இடம் விட்டு எழுதுவதே நேர்மை.

ஆண்டறிக்கைகளும் கூட்டக் குறிப்புகளும்

குடும்ப வரலாறு தேடுவோர் இவற்றை ஏறக்குறைய தொடுவதே இல்லை. அது பெரிய இழப்பு. ஆண்டறிக்கையில் நன்கொடையாளர் பட்டியல், வரவு செலவு, நோய்வாரியான எண்ணிக்கை ஆகியவற்றோடு, மருத்துவமனை தன்னைப் பொதுமக்களுக்கு எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதும் இருக்கும். ஒரு படுக்கையின் செலவை ஏற்றுக்கொண்டவர்களின் பெயர் அந்தப் படுக்கைக்கே சூட்டப்பட்டது. சிறுவர் இதழ் ஒன்றின் வாசகர்கள் காசு சேர்த்து ஒரு படுக்கைக்கு நிதி வைத்ததும் நடந்தது. 1929இல் ஜே. எம். பேரி தம் பீட்டர் பான் நாடகத்தின் உரிமையை மருத்துவமனைக்குக் கொடுத்தது உலகறிந்த செய்தி. ஆனால் அறிக்கைகளின் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் உள்ள சிறு தொகைக்காரர்களே அந்த மருத்துவமனையை நடத்தியவர்களின் பெருங்கூட்டம்.

நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகளில் கட்டடம், பணியாளர், புகார்கள், செவிலியர் நியமனம் போன்றவை வரும். உங்கள் மூதாதையர் நோயாளியாக இல்லாமல் அங்கே செவிலியராகவோ சமையற்காரராகவோ இருந்திருந்தால் இவையும் பணியாளர் பதிவேடுகளுமே உதவும். 1878 முதல் அங்கே குழந்தைகளைப் பராமரிக்கும் செவிலியர் பயிற்சி முறையாக நடந்ததால், அந்த ஆண்டிலிருந்து தேடத் தொடங்கலாம்.

வெளியே உள்ள ஆவணங்களோடு ஒப்பிடுதல்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அரசாங்கத்தின் கையில் வந்தது 1837 ஜூலை 1 முதல். மருத்துவமனையில் இறந்த குழந்தையின் இறப்பு அதன் வீடு இருந்த மாவட்டத்தில் பதிவாகாமல், மருத்துவமனை இருந்த ஹோல்பர்ன் மாவட்டத்தில் பதிவாகியிருக்கும். கிழக்கு லண்டன் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அங்கேயே தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணையவழி அட்டவணையில் பிறப்புக்குத் தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும், இறப்புக்கு வயதும் தரப்பட்டிருப்பதால், ஒரே பெயருள்ள இரு குழந்தைகளைப் பிரித்தறிய அது பெரிதும் கைகொடுக்கும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கணக்கெடுத்த இரவில் யார் எங்கே படுத்திருந்தாரோ அங்கேதான் எழுதப்பட்டார். 1861 ஏப்ரல் 7, 1871 ஏப்ரல் 2, 1881 ஏப்ரல் 3, 1891 ஏப்ரல் 5, 1901 மார்ச் 31, 1911 ஏப்ரல் 2 ஆகிய இரவுகளில் ஒன்று நீங்கள் தேடும் குழந்தை மருத்துவமனையில் இருந்த காலத்துக்குள் வந்தால், அக்குழந்தையை மருத்துவமனைப் பக்கத்திலும், பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் வீட்டுப் பக்கத்திலும் தேட வேண்டும்.

முகவரியை வைத்துச் செய்யக்கூடியது இன்னொன்று. சார்ல்ஸ் பூத் லண்டனின் வறுமையை ஆராய்ந்து வெளியிட்ட வரைபடங்களில் ஒவ்வொரு தெருவும் அங்கே வாழ்ந்தவர்களின் நிலைக்கேற்ப நிறமிடப்பட்டிருக்கிறது. கறுப்பும் கருநீலமும் மிக வறியவர்களின் தெருக்கள், மஞ்சள் செல்வர்களின் தெருக்கள். லண்டன் பொருளியல் கல்லூரி இவ்வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்துள்ளது. அவை 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு உரியவை என்பதால் 1850களின் முகவரிக்கு அப்படியே பொருத்தக்கூடாது. தெருப் பெயர்களும் பல மாற்றப்பட்டுவிட்டன. இன்றைய வரைபடத்தில் தெரு இல்லையென்றால் பெயர் மாற்றப் பட்டியலைத் தேடுங்கள். அப்பகுதியில் அந்த ஆண்டு என்ன நோய் பரவியிருந்தது என்பதை அறிய, லண்டனின் சுகாதார அலுவலர்கள் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளை வெல்கம் நூலகம் எண்ணிமமாக்கி வெளியிட்டிருக்கிறது.

ஆவணக் காப்பகத்தை அணுகுதல்

இணையத்தில் உள்ளவற்றை முடித்த பிறகே மருத்துவமனையின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். நோயாளிகளைப் பற்றிய ஆவணங்கள் பொதுவாக 100 ஆண்டுகள் மூடி வைக்கப்படும். உயிரோடு இருக்கக்கூடியவர்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்கான இந்த விதியைத் தடை என்று சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. கடிதத்தில் குழந்தையின் பெயர், தோராயமான பிறந்த ஆண்டு, முகவரி, சேர்ந்த நாள், தரவுத்தளத்தில் நீங்கள் ஏற்கெனவே கண்டது, இன்னும் தேவைப்படுவது ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதுங்கள். என் குடும்பத்தைப் பற்றி என்ன இருக்கிறது என்று பொதுப்படக் கேட்டால், காப்பாளரின் நேரமும் உங்கள் நேரமும் வீணாகும்.

முன்பதிவின்றிப் போகாதீர்கள். அடையாள அட்டையும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். ஆவணங்களின் அருகே பேனாவுக்கு அனுமதி இராது. படமெடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்பு ஆவணத்தின் குறியீட்டு எண்ணை எழுதிய சீட்டை ஒரு படம் எடுத்துவிட்டால், வீட்டுக்கு வந்த பிறகு எது எந்தப் பதிவேடு என்று திண்டாட வேண்டியிராது.

பெயர் கிடைக்காவிட்டால், வேறு இடங்கள் உண்டு. மிக வறிய குடும்பங்களின் குழந்தைகள், ஏழைகள் சட்டத்தின்கீழ் இயங்கிய பணியில்லங்களின் (ஆதரவற்றோரைத் தங்கவைத்து வேலை வாங்கிய இல்லங்களின்) மருத்துவமனைகளுக்குச் சென்றார்கள். 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, விஷக் காய்ச்சலும் பெரியம்மையும் கண்டவர்களுக்கென லண்டன் முழுமைக்கும் பொதுவான ஒரு வாரியம் தனி மருத்துவமனைகளை நடத்தியது. இவற்றின் ஆவணங்களில் பெரும்பகுதி கிளார்க்கன்வெல்லில் உள்ள லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 2024 வரை அது லண்டன் மாநகர ஆவணக் காப்பகம் என்ற பெயரில் இயங்கியது. பிரிட்டனின் வேறு மருத்துவமனை எதன் ஆவணம் எங்கே உள்ளது என்பதை அறிய, தேசிய ஆவணக் காப்பகமும் வெல்கம் நூலகமும் சேர்ந்து உருவாக்கிய மருத்துவமனை ஆவணத் தரவுத்தளத்தைப் பார்க்கலாம். 2,800 அளவிலான மருத்துவமனைகள் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. மருத்துவமனைகள் இணைந்தும் பெயர் மாறியும் வந்திருப்பதால் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் கொடுத்துத் தேடுங்கள். தேடியும் கிடைக்காத பதிவேடுகளின் ஆண்டுகளையும் உங்கள் குறிப்பில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் அதே குடும்பத்தைத் தேடுபவர் அந்தப் பக்கங்களை மறுபடி புரட்ட வேண்டியிருக்காது.